ஒளிந்து விளையாடும் பழுது



வைத்தியர் வீட்டுத் திண்ணையில் ஏறிய மாத்திரத்தில் பல்வலி பறந்துவிடுவதுண்டு. வீடு திரும்பி இலையின் முன் அமர்ந்தவுடன் அது மீண்டும் வந்து சேரும். மோட்டார் வண்டிக்கும் இப்படி ஒரு வலி உண்டு. நெடுஞ்சாலையில் விரைந்து செல்கையில் வண்டி திடீரெனத் திணறுகிறது. முகப்புப் பலகையில் மஞ்சள் விளக்கு எரிகிறது. சில சமயம் இயந்திரமே நின்றுவிடுகிறது. ஓரமாக நிறுத்தி, கால்மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடவாததுபோல் ஓடத் தொடங்குகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனாலோ, பரிசோதகர் வந்த நாளில் பள்ளிப் பிள்ளைகள் இருப்பதுபோல் அடக்கமாக நின்று காட்டுகிறது. நிலையாக நிற்கும் பழுதைக் கண்டுபிடிப்பது எளிது. வந்து வந்து மறையும் பழுதே மனிதனின் பொறுமையையும் பணப்பையையும் ஒருங்கே சோதிப்பது.

இத்தகைய பழுது இக்கால வண்டிகளில் உணரிகளின் மின்சுற்றில் அடிக்கடி தோன்றுகிறது. சென்சார் என்று பட்டறைகளில் வழங்கும் பொருளையே உணரி என்கிறோம். இயந்திரத்தின் வெப்பம், சுழற்சி, காற்றின் அளவு, சக்கரத்தின் வேகம் ஆகியவற்றை அறிந்து வண்டியின் கணினிக்குச் சொல்லும் ஒற்றர்கள் இவை. ஒற்றன் சொல்லும் செய்தி பாதி வழியில் அறுந்துபோனால் அரசன் தவறான ஆணையைப் பிறப்பிப்பான். அந்த அறுபடல் ஒரு நொடி நேர்ந்து மறுநொடி நீங்கிவிட்டால், தவறு எங்கே நேர்ந்தது என்று எவர் கண்டுபிடிப்பது? அந்த வழியைத்தான் இன்று ஆராயப் புகுகிறோம்.

மோட்டார்ப் பொறியியலில் நாம் பட்டம் பெற்றோம் அல்லோம். கலைக் கல்லூரியில் பயின்று, மத்திய அரசின் கோப்புகளை மொழிபெயர்க்கும் பணியில் நாளைக் கழிக்கிறோம். எனினும் இப்பொருளைப் பற்றிப் பேசத் துணிந்ததற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டை விட்டுத் தில்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு முதலிய இடங்களில் வாழும் நம்மவருள் வண்டியை நம்பிப் பிழைப்போர் பலர். வாடகைக் கார் ஓட்டுகிறவருக்கு வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் வருவாய் போகிறது. அதற்கு மேல், உள்ளூர் மிஸ்திரியிடம் பழுதின் இயல்பை அவர் மொழியில் விளக்கவும் வேண்டும். "வண்டி சரியில்லை" என்று மட்டும் சொல்ல இயலுகிறவர், ஒன்றன்பின் ஒன்றாகப் பொருள்களை மாற்றிப் பணம் கொடுத்துக்கொண்டே இருக்க நேர்கிறது. பழுதின் பாதி வண்டியில் இருக்கிறது. மறுபாதி, அதை உரைக்கும் சொல்லில் இருக்கிறது. அந்த மறுபாதி நம் தொழிலோடு தொடர்புடையது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். நாமக்கல் பக்கத்திலிருந்து சென்று தில்லியில் வாடகைக் கார் ஓட்டும் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மே மாதம். வெளியே வெப்பம் 45 டிகிரியை நெருங்குகிறது. அவர் வண்டி நன்றாகச் சூடேறிய பின், மேடுபள்ளமான சாலையில் செல்லும்போது மட்டும் திணறுகிறது. கறுப்புப் புகை கக்குகிறது. சிக்னலில் நின்றால் அணைந்துவிடுகிறது. மஞ்சள் விளக்கு எரிகிறது. சில நாள் கழித்துத் தானே அணைகிறது. பட்டறையில் ஸ்கேனரை இணைத்துப் பார்க்கிறார்கள். இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீரின் வெப்பத்தை அறியும் உணரியைச் சுட்டும் குறியெண் ஒன்று பதிவாகி இருக்கிறது. உடனே புது உணரி வாங்கிப் பொருத்துகிறார்கள். மூன்று வாரம் நலமாக ஓடுகிறது. பிறகு பழைய கதை மீண்டும் தொடங்குகிறது. இதில் நடந்தது என்ன?

அதனை அறிய, அந்த உணரி பேசும் முறையை முதலில் அறிதல் வேண்டும். அதற்குள் இருப்பது வெப்பம் ஏற ஏற மின்தடை குறையும் ஒரு சிறு பொருள். பல வண்டிகளில் 20 டிகிரி வெப்பத்தில் அதன் தடை சுமார் 2,000 முதல் 3,000 ஓம் வரை இருக்கும்; 80 டிகிரியில் சுமார் 300 ஓமாகக் குறைந்துவிடும். ஒவ்வொரு வண்டிக்கும் உரிய துல்லியமான அளவு அவ்வண்டியின் பழுதுபார்ப்புக் கையேட்டில் காணப்படும். கணினி தன்னுள் இருக்கும் ஒரு நிலையான தடையின் வழியே 5 வோல்ட் மின்னழுத்தத்தை ஓர் ஒயர் மூலம் உணரிக்கு அனுப்புகிறது. மற்றோர் ஒயர் உணரியிலிருந்து எர்த்துக்குத் திரும்புகிறது. உணரி சூடாக இருந்தால் அழுத்தம் தாழும், குளிர்ந்திருந்தால் உயரும். அந்த ஏற்றத்தாழ்வையே கணினி வெப்ப அளவாகப் படித்துக்கொள்கிறது.

இனி, அந்த இரண்டு ஒயர்களுள் ஒன்று அறுந்துவிட்டால் யாது நேரும்? மின்னோட்டம் செல்ல வழியில்லை. கணினி முழு 5 வோல்ட்டையும் காண்கிறது. மிகக் கடுமையான குளிர் என்று அதற்குப் பொருள் கொள்கிறது. பல வண்டிகளில் ஸ்கேனரின் திரையில் அப்போது தோன்றும் எண், பூச்சியத்துக்குக் கீழ் 40 டிகிரி. செல்சியஸ், பாரன்ஹீட் ஆகிய இரு அளவைகளும் ஒன்றுபடும் இடம் இது ஒன்றே. எந்த அளவையில் பார்த்தாலும் எண் மாறாது. தில்லியின் கோடையில், கொதித்துக்கொண்டிருக்கும் இயந்திரத்தினுள் உறைபனியினும் கொடிய குளிர்! கணினிக்கு வெளியுலகம் தெரியாது. ஒற்றன் சொன்னதை நம்பி, குளிரில் விறைத்த இயந்திரத்துக்கு ஊட்டுவதுபோல் பெட்ரோலை மிகுதியாக ஊட்டுகிறது. அதனால்தான் கறுப்புப் புகையும் திணறலும். இதற்கு மாறாக ஒயர் உராய்ந்து எர்த்தோடு ஒட்டிக்கொண்டால் அழுத்தம் பூச்சியத்தை நெருங்கும். திரையில் வெப்பம் தன் உச்ச எல்லைக்கு ஏறி நிற்கும்.

ஆகவே அந்த மைனஸ் 40 என்னும் எண் வெப்பத்தைப் பற்றியதே அன்று. வழி அறுந்தது என்பதைப் பற்றியது. அறுந்த இடம் உணரியினுள் இருக்கலாம். அதன் செருகியில் இருக்கலாம். ஒயரின் இடைவழியில் இருக்கலாம். எர்த்து முனையிலும் இருக்கலாம்.

இங்கேதான் குறியெண் பற்றிய பெரிய மயக்கம் தோன்றுகிறது. வண்டி தன்னைத் தானே ஆராய்ந்து பழுதை எண்ணாகப் பதியும் முறை, அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாதிரி முதல் எல்லாக் கார்களிலும் கட்டாயமாயிற்று. நம் நாட்டிலும் இன்றைய கார்களில் அம்முறை உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் அதனை மேலும் இறுக்கமாக்கின. ஓட்டுநரின் முழங்கால் அருகே, முகப்புப் பலகையின் அடியில் இருக்கும் பதினாறு முனைச் செருகியில் ஸ்கேனரை இணைத்தால் எண்கள் தோன்றும். நாம் சொன்ன உணரியைப் பொறுத்தவரை பி 0117 என்றால் மின்னழுத்தம் மிகத் தாழ்ந்தது என்று பொருள். பி 0118 என்றால் மிக உயர்ந்தது. பி 0119 என்றால் விட்டுவிட்டு வருவது. மூன்றும் "இன்ன உணரியின் சுற்று" என்றே சொல்கின்றன. "இன்ன உணரி கெட்டது" என்று ஒன்றேனும் சொல்வதில்லை.

மொழிபெயர்ப்பாளராகிய நமக்கு இது பழகிய பாடம். ஒரு சொல்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அகராதியைப் புரட்டினால் பத்துப் பொருள் கிடைக்கும். சொல் நின்ற வாக்கியத்தைப் பார்த்தால்தான் பொருள் ஒன்றாகும். குறியெண் ஒரு சொல். அது பதிவான வேளையின் சூழ்நிலையே வாக்கியம். அந்த வாக்கியத்தையும் வண்டியே எழுதி வைத்திருக்கிறது. பழுது பதிவாகும் கணத்தில் இயந்திரத்தின் சுழற்சி, வண்டியின் வேகம், வெப்பம், சுமை முதலியவற்றைக் கணினி ஒரு நிழற்படம்போல் சேமித்துக்கொள்ளும். ஸ்கேனரில் அதனையும் காணலாம். சில பழுதுகள் முதற் பயணத்தில் உறுதியாவதில்லை. நம் அலுவலகக் கோப்புகள்போல் அவையும் "நிலுவையில்" வைக்கப்பட்டு, அடுத்த பயணத்திலும் தோன்றினால்தான் விளக்கை எரிக்கும். விளக்கு எரியாதபோதும் நிலுவைக் குறிப்பு இருக்கக்கூடும் என்பதை நினைவில் கொள்க.

ஆதலால் முதல் விதி: குறித்துக்கொள்ளாமல் எதையும் அழிக்கலாகாது. பாட்டரியின் முனையைக் கழற்றி மாட்டி விளக்கை அணைத்துவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. பல வண்டிகளில் அச்செயலால் குறியெண்ணும் நிழற்படமும் ஒருங்கே அழியும். வழக்கு விசாரணைக்கு முன்னரே சாட்சியைத் துரத்திவிடுவதற்கு ஒப்பாகும் அது. குறியெண்ணைக் கையால் எழுதும்போதும் எச்சரிக்கை தேவை. இயந்திரத்தைக் குறிப்பது ஆங்கில அகரவரிசையின் பதினாறாம் எழுத்து. வண்டியின் கூட்டைக் குறிப்பது இரண்டாம் எழுத்து. தமிழில் இரண்டும் "பி" என்றே அமையும். திரையைக் கைபேசியால் படம் பிடித்து வைத்துக்கொள்வதே நலம்.

இரண்டாம் விதி: பழுது எப்போது வருகிறது என்பதை ஓட்டுநர் எழுதி வைத்தல் வேண்டும். மிஸ்திரி வண்டியோடு ஒரு மணி நேரம் இருப்பார். ஓட்டுநரோ நாள் முழுதும் இருக்கிறார். ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போதும். வண்டி கிளம்பி எத்தனை நிமிடம் ஆயிற்று? இயந்திரம் சூடாக இருந்ததா, குளிர்ந்திருந்ததா? சாலை சமமா, குண்டும் குழியுமா? வளைவில் திரும்பியபோதா, பிரேக் பிடித்தபோதா? மழையா, வண்டி கழுவிய மறுநாளா? குளிர்சாதனமும் முகப்பு விளக்கும் எரிந்துகொண்டிருந்தனவா? இக்கேள்விகளுக்கு நாலைந்து முறை விடை எழுதினால் பழுது தன் முகத்தைக் காட்டத் தொடங்கும். வெப்பத்தில் மட்டும் வருவது, விரிவடைந்து விலகும் ஓர் இணைப்பைச் சுட்டும். குலுக்கலில் வருவது தளர்ந்த செருகியையோ முறிந்த ஒயரையோ சுட்டும். மழையில் வருவது ஈரம் புகுந்த இடத்தைச் சுட்டும். மும்பையின் பருவமழையிலும் கடற்காற்றிலும் வாழும் வண்டிக்கும், தில்லியின் புழுதியிலும் வெயிலிலும் ஓடும் வண்டிக்கும் நோய் ஒன்றாக இராது.

மூன்றாம் விதி: கருவியை எடுக்குமுன் கண்ணையும் கையையும் பயன்படுத்துக. இரவில் நிறுத்திய வண்டியினுள் எலி புகுந்து ஒயரின் தோலைக் கடித்துவிடுவது நாடெங்கும் காணும் தொல்லை. இயந்திரம் ஆடும்போது ஒயர்க்கட்டு எந்த உலோக விளிம்பில் உராய்கிறது என்று பார்க்க. பின்னால் பொருத்திய ஹாரன், பாட்டுப் பெட்டி, வண்டியின் இருப்பிடம் காட்டும் கருவி, எரிவாயுக் கருவி ஆகியவற்றுக்காக எவரேனும் ஒயரைச் சீவி முறுக்கி, வெறும் டேப்பைச் சுற்றி விட்டிருக்கிறார்களா என்று பார்க்க. பல உணரிகளின் குறியெண்கள் ஒரே நேரத்தில் தோன்றினால், அத்தனை உணரிகளும் ஒரே நாளில் கெட்டுப்போயின என்று எண்ணற்க. அவற்றுக்குப் பொதுவான 5 வோல்ட் ஒயரையோ பொதுவான எர்த்தையோ ஐயுறுக. ஊர் முழுதும் விளக்கு அணைந்தால் ஒவ்வொரு வீட்டிலும் பல்பை மாற்றுவார் உண்டோ?

பிறகு ஆட்டிப் பார்த்தல். இயந்திரத்தை ஓடவிட்டு, ஸ்கேனரில் அந்த உணரியின் எண்ணை நேரலையாகப் பார்த்துக்கொண்டு, சுழலும் பட்டைக்கும் விசிறிக்கும் கையை எட்ட வைத்து, ஒயர்க்கட்டை ஒரு சாண் ஒரு சாணாக மெல்ல அசைத்துக்கொண்டே வரவேண்டும். 90 என்று நின்ற எண் ஓரிடத்தில் கை பட்டதும் மைனஸ் 40க்குப் பாய்ந்து திரும்பினால், திருடன் அங்கே இருக்கிறான். குலுக்கலால் அகப்படாதவனை வெப்பக் காற்று ஊதியும், தண்ணீர் மெல்லத் தெளித்தும் வெளிக்கொணரலாம். ஓடும் வண்டியில் பார்க்கவேண்டி இருந்தால் ஸ்கேனரைப் பக்கத்தில் அமர்ந்தவர் பார்க்கட்டும். ஓட்டுகிறவரின் கண் சாலையில் இருக்கட்டும்.

பழுது கண்முன் நிற்கும் அந்தச் சில நிமிடங்களே பொன்னான நேரம். திரையில் மைனஸ் 40 நிற்கிறது. இயந்திரமோ சூடாக இருக்கிறது. இப்போது உணரியின் செருகியைக் கழற்றி, வண்டிப் பக்கத்துச் செருகியில் உள்ள இரு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தால் எண் உச்சத்துக்கு ஏறுகிறதா? ஏறினால் ஒயரும் கணினியும் நலமே. குற்றம் உணரியிலோ செருகியின் தொடர்பிலோ இருக்கிறது. ஏறாவிட்டால், கணினியிலிருந்து வரும் ஒயரின் முனையை மட்டும் நல்ல எர்த்தோடு இணைத்துப் பார்க்க. இப்போது ஏறினால் உணரியின் எர்த்து ஒயர் அறுந்தது என்று பொருள். அப்போதும் அசையாவிட்டால், அந்த முதல் ஒயரையும் அது சென்று சேரும் கணினியின் செருகியையும் தேடுக. இரண்டு சோதனையில் நான்கு ஐயங்கள் ஒன்றிரண்டாகக் குறைந்தன. இம்முறை நாம் கூறிய இரண்டு ஒயர் வெப்ப உணரிக்கே உரியது; மூன்று ஒயர் உணரிகளில் முனைகளை இப்படி இணைத்தல் ஆகாது. பழகிய மிஸ்திரியின் கையால் செய்விப்பதே முறை.

எர்த்து ஒயரை அளக்கவும் ஒரு வழி உண்டு. இயந்திரம் ஓடுகையில் மீட்டரின் ஒரு முனையை உணரியின் எர்த்திலும் மற்றொரு முனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும் வைத்தால், அளவு பூச்சியத்தை ஒட்டி நிற்கவேண்டும், 0.1 வோல்ட்டைத் தாண்டினால் அவ்வழியில் எங்கோ தடை இருக்கிறது. ஒயரைக் கழற்றி ஓம் அளந்து "நன்றாக இருக்கிறது" என்று கூறுவது முழு விடை ஆகாது. இருபது இழைகளில் ஓர் இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் பூச்சியம் ஓம் என்றே காட்டும். அடுத்த குலுக்கலில் அந்த ஓர் இழையும் விலகிவிடும். எண் காட்டும் சாதாரண மீட்டர் மின்னல் வேகத்தில் வந்து மறையும் அறுபடலைத் தவறவிடுவதும் உண்டு. அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப் இருந்தால் அது தப்பாது.

இப்போது நாமக்கல் நண்பரின் வண்டிக்கு மீள்வோம். புது உணரி போட்டதும் மூன்று வாரம் நலமாக ஓடியதே, அது எவ்வாறு? செம்பில் களிம்பு ஏறுவதை நாம் அறிவோம். செருகியின் உள்ளே இருக்கும் வெள்ளீயப் பூச்சிட்ட சிறு முனைகளுக்கும் அத்தகைய நோய் உண்டு. இயந்திரத்தின் ஓயாத அதிர்வால் முனைகள் மயிரிழை அளவு உராய்ந்துகொண்டே இருக்கின்றன. பூச்சு தேய்ந்து, நுண்ணிய துருப்பொடி தொடர்பின் இடையே படிகிறது. பிடிப்பும் நாளடைவில் தளர்கிறது. இந்நிலையில் உணரியை மாற்றுவதற்காகச் செருகியைக் கழற்றி மாட்டும்போது முனைகள் ஒன்றையொன்று சுரண்டிக்கொள்கின்றன, துரு விலகுகிறது, தொடர்பு உயிர்பெறுகிறது. பழுது நீங்கியது செருகியால். புகழ் சென்றது புது உணரிக்கு. மூன்று வாரத்தில் மீண்டும் பொடி படிந்ததும் பழுது திரும்புகிறது. "புதுப் பொருளும் போலி" என்ற பழி அப்போது கடைக்காரர் தலையில் விழுகிறது!

ஒளிந்து விளையாடும் பழுதின் உயிர்நாடி இதுவே. பொருளை மாற்றியதும் நலம் தோன்றினால், நலத்துக்குக் காரணம் பொருளா, அதை மாற்றிய செயலா என்று கேட்டல் வேண்டும். செருகியின் பெண் முனையில், அளவொத்த ஒரு தனி ஆண் முனையை நுழைத்து இழுத்துப் பார்த்தால் பிடிப்பு இருக்கிறதா, வழுக்கிக்கொண்டு வருகிறதா என்பது கைக்கே தெரியும். வழுக்கினால் அந்த முனையை மாற்றுக. அதன் விலை உணரியின் விலையில் சிறு பகுதியே. சோதனைக்காக ஒயரின் தோலை ஊசியால் குத்துவதைத் தவிர்க்க. அத்துளை வழியே ஈரம் புகுந்து, அடுத்த ஆண்டுக்கான பழுதை இன்றே விதைக்கும்.

எல்லா வேளையிலும் உணரி குற்றமற்றது என்று நாம் சொல்ல வரவில்லை. இயந்திரத்தின் சுழல்தண்டு நிற்கும் நிலையைக் கணினிக்குச் சொல்லும் உணரி ஒன்று உண்டு. அச்செய்தி இல்லாவிடில் பல வண்டிகளில் நெருப்புப்பொறியும் இல்லை, எரிபொருளும் இல்லை. அதனுள் இருக்கும் கம்பிச்சுருள் வெப்பத்தில் விரிந்து அறுபட்டு, குளிர்ந்ததும் சேர்ந்துகொள்வதுண்டு. சூடான வண்டி அணைந்து, அரை மணி ஆறியதும் கிளம்புவதற்கு இது பெயர்பெற்ற காரணம். ஆயினும் எரிபொருள் பம்பு சூட்டில் நின்றுபோனாலும் அடையாளம் இதுவே. இரண்டையும் பிரித்தறிவது எப்படி? வண்டி அணைந்து நிற்கும்போதே ஸ்டார்ட்டரைச் சுழற்றி, ஸ்கேனரில் இயந்திரச் சுழற்சியின் எண்ணைப் பார்க்க. ஸ்டார்ட்டர் சுழன்றும் எண் பூச்சியமாகவே நின்றால் சுழல்தண்டு உணரியையும் அதன் ஒயரையும் தேடுக. எண் தோன்றினால் ஐயத்தை எரிபொருளின் பக்கம் திருப்புக. அங்கும் விதி ஒன்றே: பழுது இருக்கும்போது அளந்தவனே பழுதை அறிவான்.

அணைந்த வண்டியில் உயிருக்கு அபாயம் உண்டு என்பதையும் மறத்தல் ஆகாது. இயந்திரம் நின்றதும் ஸ்டியரிங் கனத்துவிடும். பிரேக்கின் துணைவிசை சில மிதிகளுக்குள் தீர்ந்துவிடும். பதறாமல் அபாய விளக்கைப் போட்டு, உறுதியாக மிதித்து, இடப்புற ஓரத்துக்கு வண்டியைக் கொண்டுவருக. நெடுஞ்சாலையில் இவ்வாறு இருமுறை நேர்ந்தபின் "போகட்டும், ஓடும்வரை ஓடட்டும்" என்று பயணிகளை ஏற்றுதல் முறையன்று. சோதனை செய்கையிலும் இரண்டு இடங்களைத் தொடவேண்டா. காற்றுப் பைக்குச் செல்லும் மஞ்சள் நிறச் செருகிகளும், மின்வண்டிகளில் காணும் ஆரஞ்சு நிறத் தடித்த ஒயர்களும் அதற்கெனப் பயின்றவர்க்கே உரியன.

இனி, மிஸ்திரியிடம் பேசும் முறை. வட மாநிலங்களில் அவரை "உஸ்தாத்" என்று அழைத்தால் முகம் மலரும். ஒயருக்கு அங்கே "தார்" என்று பெயர். நம் ஊர்ச் சாலையில் போடும் தார் அன்று. "கபீ கபீ" என்றால் சில வேளைகளில். "கரம் ஹோனே பர்" என்றால் சூடான பின். "பாரிஷ் மேன்" என்றால் மழையில். "ஜட்கா" என்றால் குலுக்கித் திணறுவது. "டீலா" என்றால் தளர்ந்தது. இந்த ஐந்தாறு சொற்களோடு நோட்டுப் புத்தகத்தையும் காட்டினால் மிஸ்திரிக்குப் பாதி வேலை மிச்சம். முடிவாக ஒரு வாக்கியத்தையும் மனப்பாடம் செய்துகொள்க: "பஹலே தார் தேக்கியே, ஃபிர் சென்சார் பதலியே." முதலில் ஒயரைப் பாருங்கள், பிறகு சென்சாரை மாற்றுங்கள் என்பது இதன் பொருள்.

அவ்வாறு கேட்பவர் ஒரு கடமையையும் ஏற்றல் வேண்டும். மிஸ்திரிகள் ஏன் தேடாமல் பொருளை மாற்றுகிறார்கள்? புதுப் பொருளுக்குப் பணம் கேட்டால் நாம் கொடுக்கிறோம், மூன்று மணி நேரம் ஒயரைத் தேடி, ஒரு சிறு முனையை மாற்றியவர் கூலி கேட்டால் "இதற்கா இவ்வளவு?" என்கிறோம். கண்ணுக்குத் தெரியும் பொருளுக்கு விலை உண்டு, கண்ணுக்குத் தெரியாத அறிவுக்கு விலை இல்லை என்று நாமே அவருக்குக் கற்பித்துவிட்டோம். தேடும் நேரத்துக்குக் கூலியை முன்கூட்டியே பேசி ஒப்புக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது நல்ல பொருளாகவே இருக்கக்கூடும்.

பழுது நீங்கியது என்பதை எப்படி அறிவது? விளக்கு அணைந்தது சான்றாகாது. பழுது தோன்றாமல் பொதுவாக மூன்று பயணங்கள் தொடர்ந்து நடந்தாலே விளக்கு தானாக அணைந்துவிடும். இரண்டு நாள் நன்றாக ஓடியதும் சான்றாகாது. பழுது வராத நாள்கள் முன்பும் பல இருந்தன. எந்தச் சூழ்நிலையில் பழுது வந்ததோ, அதே சூட்டில், அதே குலுக்கலில், அதே ஈரத்தில் வண்டியை ஓட்டி, ஸ்கேனரில் எண் நிலைகுலையாமல் நிற்பதைக் கண்ட பின்னரே பணம் கொடுத்து வண்டியை எடுக்கவேண்டும். சூழ்நிலையை எழுதி வைத்த நோட்டுப் புத்தகம் இங்கே இரண்டாம் முறையும் பயன்படுகிறது. எப்போது வரும் என்று அறியப்பட்ட பழுது பாதி தோற்ற பழுது. எஞ்சிய பாதியைப் பொறுமையும் ஒரு மீட்டரும் முடித்துவிடும்.

அயல் மாநிலத்தில் உழைத்து ஈட்டும் பணம், ஊரில் ஒரு வீட்டு அடுப்பை எரிக்கும் பணம். அது தேவையற்ற உணரிகளின் விலையாகக் கரைந்துபோகாமல் காக்கும் வழி, நம் கண்ணிலும் கையிலும் சொல்லிலும் இருக்கிறது.